பிரிட்ஜ் தூக்கிய கிட்டாரும் பழைய இரும்புச் சாமான்களும்

மேசையில் இப்போது கிடப்பது ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டார். ஸ்டீல் கம்பி, ட்ரெட்நாட் என்கிற பெரிய உடல், 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிர்கிற நீளம்), கழுத்தான நெக்கின் மேல் குறுக்கே பதித்த 20 ஃப்ரெட் பட்டைகள். கம்பிகளின் அடிமுனைகளை மேல்பலகையோடு பிடித்துவைக்கிற மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதன் வால்பக்க விளிம்பு மேல்பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு தாள் துண்டைச் செருகினால் கம்பி முனைகளைச் செருகிப் பிடிக்கிற பிரிட்ஜ் பின்களின் துளை வரைக்கும் தடையில்லாமல் போகிறது. 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி, அதாவது மிகத் தடித்தது, 3.5 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. மிக மெல்லியதான முதல் கம்பியை 7, 8-ஆவது ஃப்ரெட்களில் அழுத்தினால் ஜிர்ரென்று அடிக்கிறது. பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சரிசெய்யக் கொண்டுபோன இடத்தில், "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பலகை நல்ல பலகை, தட்டினால் கணீரென்று பேசுகிறது. அதனால் எடுத்துக்கொண்டேன்.

கிட்டார் பழுதுபார்ப்புக்கென்றே விற்கிற கருவிகளின் பட்டியலைப் புரட்டினால் தலை சுற்றும். நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படிந்து போகிற குறுக்குப் பட்டை) பள்ளம் அராவ ஒவ்வொரு கம்பிக்கும் தனி அரம், ஃப்ரெட்டைச் சமன் செய்ய ஒரு கட்டை, ஒலித்துளைக்குள் நுழைகிற நீளக் கழுத்துக் கிளாம்ப் என்று அது போய்க்கொண்டே இருக்கும். எதை வாங்குவது, எதை நாமே செய்துகொள்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. அளக்கிற கருவியையும் பிடித்துக்கொள்கிற கருவியையும் வீட்டில் செய்யலாம். அவற்றுக்கு வேண்டியது நேரான விளிம்பும் சரியான அளவும்தான், உயர்ந்த ரக இரும்பு இல்லை. பொறுமையாகச் செய்தால் வாங்கியதற்குக் கொஞ்சமும் குறையாது. வெட்டுகிற கருவி வேறு கதை. அதற்கு வேண்டிய கடினமும் பல்லும் வீட்டில் சுலபமாக வராது; ஏற்கெனவே கடினமாக்கி வைத்திருக்கும் ஏதாவதொன்றைத் தேய்த்து நம் வேலைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

முதலில் உள்ளே பார்த்தேன். கம்பிகளைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் எரிகிற எல்இடி விளக்குச் சரத்தை ஒலித்துளை வழியாக உள்ளே போட்டு, அறை விளக்கை அணைத்தால் போதும். விரிசல் மெல்லிய சிவப்புக் கோடாகத் தெரியும். வெளியே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட இந்த வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும். பலகைகளின் உள்பக்கத்தில் வலுவுக்காக ஒட்டியிருக்கும் மரச்சட்டங்களான பிரேஸ்களைப் பார்க்க, கெட்டியான கம்பியின் நுனியை வளைத்து ஒரு சின்ன முகக்கண்ணாடித் துண்டை ஒட்டி, விளிம்பெல்லாம் டேப் சுற்றினேன். கைபேசியை உள்ளே படுக்க வைத்து, முன்பக்கக் கேமராவில் வீடியோ ஓடவிட்டாலும் நிறையத் தெரியும். பிரேஸ் ஒட்டு விட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜில் மிக மெல்லிய தகட்டை, 0.05 மி.மீ., பிரேஸ் ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஒட்டு விட்ட இடத்தில் தானாக உள்ளே நழுவும். இந்தக் கிட்டாரில் பிரிட்ஜுக்கு வால்பக்கம் இருந்த ஒரு பிரேஸின் நுனி அப்படித்தான் அகப்பட்டது.

அப்புறம் நெக் கோணம். ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை ஃப்ரெட்களின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் பக்கம் நீட்டினால், அதன் அடிவிளிம்பு பிரிட்ஜின் மேற்பரப்பை ஏறக்குறைய உரசிக்கொண்டு போக வேண்டும். பிரிட்ஜின் பக்கவாட்டில் வந்து முட்டினால் நெக்கையே கழற்றிக் கோணம் மாற்ற வேண்டிய நிலைமை. அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காத வேலை. இங்கே நல்லவேளையாக உரசிக்கொண்டு போனது.

நேர்ச்சட்டம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அது நேர்தான் என்று எப்படித் தெரியும்? ஒரு வெள்ளைத்தாளில் சட்டத்தை வைத்து, கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். சட்டத்தை அப்படியே மறுபுறம் புரட்டி, அதே விளிம்பை அதே இரண்டு முனைப் புள்ளிகளில் வைத்து மறுபடியும் கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சட்டம் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், உண்மையான கோணல் அந்த இடைவெளியில் பாதி. வேறெந்த அளவுகோலும் இல்லாமலேயே ஒரு விளிம்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

கோணலைத் தேய்த்து எடுக்கத் தட்டையான ஒரு தளம் வேண்டும். அதற்கு 8 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடித் துண்டு. இன்றைக்குக் கிடைக்கிற சன்னல் கண்ணாடி பெரும்பாலும் உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு வார்த்தது; பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை இது. திரவத்தின் மேல் மிதந்து ஆறுவதால் தேய்த்து மெருகேற்றாமலேயே தட்டையாக வந்துவிடுகிறது. நம் வேலைக்கு அந்தத் தட்டை தாராளம். மெல்லிய கண்ணாடி மட்டும் வேண்டாம், கை அழுத்தத்திலேயே வளையும். தடித்த கண்ணாடியையும் கோணல் மேசையில் வைக்காமல் சமமான பலகையின் மேல் வைக்க வேண்டும். விளிம்புகளை ஈரமான உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கை கிழியும்.

இந்தக் கண்ணாடி ஒன்று இருந்துவிட்டால் மற்ற கருவிகள் வரிசையாக அதிலிருந்து பிறக்கும். 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாயில் 40 செ.மீ. வெட்டி எடுத்தேன். கண்ணாடியில் 220 எண் உப்புத்தாளை இரட்டைப்பக்க டேப்பால் சுருக்கமில்லாமல் ஒட்டி, குழாயின் ஒரு முகம் முழுக்க மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டு, அதன்மேல் தேய்த்தேன். முதலில் இரண்டு முனைகளில் மட்டும் மை அழியும், நடுவில் அப்படியே இருக்கும். அதாவது நடுப்பகுதி குழிந்திருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே சீராக அழிகிற வரை தேய்த்தால் ஃப்ரெட் சமன் கட்டை தயார். நடுவில் கை வைத்து அழுத்தாமல் முழு நீளத்துக்கும் கையைப் பரப்பித் தேய்ப்பது முக்கியம். பாதிக் குழாய்க்குள் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால், கட்டையின் எடையே வேலை செய்யும்; நாம் அழுத்த வேண்டியதில்லை.

நிமிர்ந்திருக்கும் ஒற்றை ஃப்ரெட்டைக் கண்டுபிடிக்க ஒரு சின்னத் தகடு உண்டு, ஃப்ரெட் ராக்கர் என்பார்கள். அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்களின் மேல் விளிம்பை வைத்து ஆட்டிப் பார்ப்பது. ஆடினால் நடுவிலுள்ளது உயரம். இதற்குப் பழைய பிளாஸ்டிக் அட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அட்டை வளைகிறது. துருப்பிடித்த ஸ்டீல் அடிக்கோலே மேல். விளிம்பு மூன்று ஃப்ரெட்டைத் தொட வேண்டும், நான்காவதைத் தொடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மேலே போகப் போக ஃப்ரெட் இடைவெளி குறுகுவதால் ஒரே நீளம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 648 மி.மீ. ஸ்கேலில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ. தள்ளி இருக்கும், ஸ்கேல் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். அடுத்தடுத்த இடைவெளி ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் 0.944 மடங்கு. அதன்படி 1 முதல் 3-ஆவது ஃப்ரெட் வரை 66.7 மி.மீ. 6-லிருந்து 9 வரை 72.9. ஆக, 70 மி.மீ. விளிம்பு ஒன்று போதும், முதல் ஃப்ரெட்டிலிருந்து 8-ஆவது வரை எந்த மூன்றையும் அது தொடும், நான்கைத் தொடாது. அதே மாதிரி 50 மி.மீ. விளிம்பு 7-லிருந்து 14 வரைக்கும், 35 மி.மீ. விளிம்பு 13-லிருந்து 20 வரைக்கும் சரியாக வருகிறது. மூன்று விளிம்புள்ள ஒரே தகடாக ஆக்ஸா பிளேடால் வெட்டி, ஒவ்வொரு விளிம்பையும் கண்ணாடியில் தேய்த்து நேராக்கினேன். தேய்க்கும்போது தகடு சாயாமல் இருக்க ஒரு மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். 645, 650 மி.மீ. ஸ்கேல்களுக்கும் இதே மூன்று அளவு செல்லும்.

கம்பி உயரம் அளக்க நான் எதுவும் செய்யவில்லை. டிரில் பிட்டுகளின் வழவழப்பான தண்டுப்பக்கமே போதும். 2.5 மி.மீ. பிட்டை 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் வைத்துக் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பார்த்தால், கம்பி தூக்குகிறதா, தொடுகிறதா, இடைவெளி விடுகிறதா என்று விரலுக்கே தெரிந்துவிடும். அடிக்கோலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அரை மில்லிமீட்டரைத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

விரிசலும் பிரேஸும்

விரிசலில் பசை ஊற்றுவதற்கு முன்னால் அது தானாக மூட வேண்டும். இந்தக் கிட்டார் நன்றாகக் காய்ந்துபோயிருந்தது. ஃப்ரெட்கள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டு சுருங்கி, ஃப்ரெட் நுனிகள் பக்கவாட்டில் கையைக் கீறுகிற அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரமான, ஆனால் சொட்டாத பஞ்சை வைத்து ஒலித்துளையில் தொங்கவிட்டு, பெட்டியை மூடி வைத்தேன். 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் மரம் பழைய அகலத்துக்குத் திரும்பும். சில நாட்களில் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த சிவப்புக் கோடு மறைந்தது. இழுத்துக் கிளாம்ப் போட்டு மூடிய விரிசல் அடுத்த வறட்சியில் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்க எந்தக் கருவியும் கிடையாது.

பசையை விரிசலுக்குள் தள்ள ஒரு ரப்பர் உறிஞ்சுக் கிண்ணம் வைத்திருக்கிறேன், சுவரில் கொக்கி மாட்டுவதற்கு வருகிறதே, அந்த வகை. விரிசலின் மேல் கொஞ்சம் பசையைத் தடவி, கிண்ணத்தை வைத்து மெல்ல அமுக்கி எடுத்தால் காற்றழுத்தமே பசையை உள்ளே தள்ளிவிடும். அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தால் பசை பொட்டுப்பொட்டாக வெளிவந்திருப்பது தெரியும். வெளியே உள்ளதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

விரிசலுக்கு உள்பக்கம் குறுக்கே ஒட்டுகிற சின்னச் சாய்சதுரப் பலகைகளுக்குக் கிளீட் என்று பெயர். மேல்பலகையின் மரமான ஸ்புரூஸ் சிம்பில் 2 மி.மீ. கனம், 18 மி.மீ. அகலம் போதும், அதன் மர இழை விரிசலுக்குக் குறுக்காக ஓட வேண்டும், ஓரங்கள் சரிவாக மெலிய வேண்டும். செய்வது சுலபம். கை எட்டாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்து அழுத்திப் பிடிப்பதுதான் கஷ்டம். இங்கே உதவுவது ஒரு பழைய ட்யூனர். அதாவது கிட்டார் தலையில் கம்பியை முறுக்குகிற சாவி.

விரிசல் கோட்டின் மேலேயே 0.5 மி.மீ. பிட்டால் ஒரு துளை. 0.30 மி.மீ. தடிமனுள்ள, கிட்டாரின் முதல் கம்பியை வெளியிலிருந்து அதற்குள் விட்டு, நுனியை ஒலித்துளை வழியாக வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். கிளீட்டின் நடுவிலும் அதே அளவு துளை போட்டுக் கம்பியில் கோத்து, அதற்குப் பின்னால் பழைய கம்பியின் நுனியிலிருந்து எடுத்த உலோகக் குண்டைக் கட்டி முறுக்கிவிடலாம். மேலே, கிட்டாரின் வெளிப்பக்கத்தில், நடுவில் துளையிட்ட ஒரு சின்ன மரக்கட்டை. அடியில் பிளாஸ்டிக் தாள், கட்டையின் மேல் ட்யூனர் திருகிவைக்கப்பட்டிருக்கும். கம்பியின் மறுமுனையை ட்யூனரில் சுற்றி, கிளீட்டில் பசை தடவி, கம்பியை இழுத்துக்கொண்டே போனால் கிளீட் இருட்டுக்குள் தானாக வழி தேடிப் போய் விரிசலின் மேல் சரியாக உட்கார்ந்துகொள்ளும். இழுக்கும்போது கண்ணாடியில் பார்த்து இழை குறுக்காக இருக்கிறதா என்று மட்டும் திருப்பிவிட வேண்டும். ட்யூனரின் பல்சக்கரம் 14-க்கு 1 என்ற விகிதத்தில் ஓடுவதால், விரல் நுனியிலேயே வேண்டிய அழுத்தம் கிடைக்கிறது, விட்டாலும் பின்வாங்காது. பசை காய்ந்ததும் வெளியே கம்பியை வெட்டி, குண்டோடு உள்பக்கமாக இழுத்துவிடலாம். மிஞ்சிய துளையை ஸ்புரூஸ் தூளும் ஒரு பொட்டுப் பசையும் மூடிவிடும். ஆயிரம் வாங்கிய கிளாம்ப்களுக்கு நடுவே எனக்கு மிகவும் பிடித்தது இந்த ட்யூனர் கட்டைதான்.

பிரேஸ் நுனியை ஒட்ட உள்ளுக்குள் நிற்கிற ஒரு குட்டி ஜாக்கி வேண்டும். 25 மி.மீ. தடிமனுள்ள உருட்டுக் கட்டையில் 70 மி.மீ. வெட்டி, நடுவில் நீளவாக்கில் 8.5 மி.மீ. துளை. அதற்குள் 8 மி.மீ. போல்ட்டைத் தலை மேலே இருக்கும்படி விட வேண்டும். போல்ட்டில் ஏறியிருக்கும் மரை கட்டையின் மேல் ஒரு வாஷரோடு உட்கார்ந்திருக்கும். மரையைத் திருப்பினால் போல்ட் மேலே எழும்பும். தலையில் ஒரு கார்க் துண்டு. உள்ளே ஸ்பேனர் போகாது, விரலால்தான் திருப்ப முடியும். அதுவே நல்லது, விரல் இறுக்கத்துக்கு மேல் போனால் மேல்பலகை வெளியே புடைக்கும். அடிப்பக்கம் ஜாக்கியைப் பின்பலகையின் மேல் நேராக வைக்கக் கூடாது. பின்பலகையின் இரண்டு பிரேஸ்களுக்கு மேல் பாலமாக ஒரு பட்டையைப் போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும். பசையை முனை மழுங்கிய ஊசியுள்ள சிரிஞ்சால் விட்டு, ஃபீலர் தகட்டால் உள்ளே பரப்பினேன்.

பிரிட்ஜ்

அரைகுறையாகத் தூக்கிய பிரிட்ஜில் இடுக்கு வழியாகப் பசையைச் செலுத்தி அமுக்குவது வேலைக்கு ஆகாது. உள்ளே பழைய பசையும் தூசியும் இருக்கும். 12 முதல் 53 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தடிமன்) லைட் செட் கம்பிகள் மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, அந்த இழுப்பு முழுவதும் இந்த ஒட்டில்தான். கழற்றியே ஆக வேண்டும்.

சுற்றியுள்ள வார்னிஷைக் காக்க, கெட்டி அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டி, பிரிட்ஜின் வடிவத்தில் ஓட்டை வெட்டிய கவசம் ஒன்று. பிரிட்ஜின் மேல் கம்பிகள் படிந்து நிற்கிற பட்டையான சாடிலையும் பிளாஸ்டிக் சமாச்சாரங்களையும் எடுத்துவிட்டு, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைப் பிரிட்ஜின் மேல் வைத்துச் சூடேற்றினேன். வச்சிரப் பசையோ மஞ்சள் மரப்பசையோ, இரண்டும் சூட்டில் இளகும். பிரிக்கிற கத்தி, ஓவியர்கள் சாயம் குழைக்கும் மெல்லிய ஸ்டீல் கத்தி. அதன் விளிம்பையும் மூலைகளையும் உப்புத்தாளால் உருட்டிவிட்டேன். கூர்மையாக இருந்தால் பசையை விட்டுவிட்டு மரத்துக்குள் இறங்கிவிடும். வெந்நீரில் சூடுபடுத்தித் துடைத்துவிட்டு நுழைத்தால் சுலபமாக நகரும்.

இன்னொரு விஷயம். மேல்பலகை ஒரே கட்டையைப் பிளந்து புத்தகம் மாதிரி விரித்து ஒட்டிய இரண்டு பாதிகள். அதனால் இழை மேல்நோக்கிச் சரிந்து வந்தால், ஒரு பாதியில் ஒரு திசையிலும் மற்றதில் எதிர்த் திசையிலும் சரியும். ஒரே பக்கத்திலிருந்து கத்தியைத் தள்ளிக்கொண்டே போனால் ஏதோ ஒரு பாதியில் ஸ்புரூஸ் சிராய் பிய்ந்துகொண்டு வரும். நாரைக் கிழிக்கிற சத்தம் கேட்ட உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்.

பிரிட்ஜ் கழன்று வந்த பிறகுதான் அது தூக்கியதற்கான காரணம் தெரிந்தது. அடியில் சுற்றிலும் நாலைந்து மி.மீ. அகலத்துக்கு வார்னிஷ் அப்படியே இருந்தது. மரத்தோடு மரம் ஒட்டியது நடுப்பகுதி மட்டும்தான். முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால் இத்தனை சீக்கிரம் விட்டிருக்காது. பழைய ஆக்ஸா பிளேடை உடைத்து, முதுகுப் பக்கத்தைச் சதுரமாகத் தீட்டிய சுரண்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதனால் ஓரத்தில் 1 மி.மீ. மட்டும் விட்டுவிட்டு வார்னிஷைச் சுரண்டி எடுத்தேன். மேல்பலகை லேசாகப் புடைத்திருக்கும், பிரிட்ஜின் அடி அதற்குப் பொருந்த வேண்டும். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்க ஒட்டி, பிரிட்ஜை அதன்மேல் தேய்த்தால் மேல்பலகையே தன் வடிவத்தை அதற்குக் கொடுத்துவிடும்.

இனி பிடிப்பது. நீளக் கழுத்துக் கிளாம்ப் மூன்று நான்கு இல்லாமல் முடியாது என்பார்கள். பிரிட்ஜிலேயே ஆறு துளைகள் இருக்கும்போது எதற்கு? உள்ளே போகிற அழுத்துக்கட்டை 12 மி.மீ. கனமான கெட்டி மரம், மேல்பலகையின் உள்பக்கம் பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும் பலகையான பிரிட்ஜ் பிளேட்டின் அளவுக்கு, பிரேஸ்களில் முட்டாதபடி வெட்டியது. மேலே ஒரு கட்டை, அதன் அடி நடுவில் லேசாகக் குழிந்தது, பிரிட்ஜின் இரண்டு ஓரங்களான இறக்கைகளின் மேலும் முதலில் அழுத்தம் விழுவதற்காக. இரண்டிலும் ஒன்று, ஆறாம் பின் துளைகளுக்கு நேராகத் துளையிட்டு, 5 மி.மீ. போல்ட்டுகளை மேலிருந்து கீழே விட்டு, உள்ளே விங் நட் (இறக்கை வைத்த மரை) போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. போல்ட்டுகளில் மெழுகு தடவி, கட்டைகளுக்கும் கிட்டாருக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் போட மறக்காதீர்கள். பசை ஈரமாக இருக்கும்போது கிளாம்ப் இறுக்க இறுக்கப் பிரிட்ஜ் சோப்புக்கட்டியாக வழுக்கும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சுருதி போய்விடும். இந்தப் போல்ட்டுகள் அழுத்துவதோடு பிரிட்ஜை இடம் மாறவும் விடுவதில்லை, சாதாரணக் கிளாம்பில் கிடைக்காத வசதி இது. பசை இல்லாமல் ஒருதரம் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, அப்புறம் ஒட்டி, 24 மணி நேரம் தொடாமல் விட்டேன்.

ஃப்ரெட், நட், சாடில்

ஜிர்ரென்ற சத்தத்துக்குக் காரணம் 7, 8-ஆவது ஃப்ரெட்கள் இல்லை, அவற்றுக்கு மேலே இருக்கும் ஏதோ ஒன்று. 50 மி.மீ. விளிம்பு 9-ஆவதின் முதல் கம்பிப் பக்க நுனியில் டக்டக்கென்று ஆடியது. விரலால் அழுத்தினால் நுனி உள்ளே போய், விட்டால் மேலே வந்தது. நெக்குக்கு அடியில் மணல் நிரப்பித் தைத்த பழைய ஜீன்ஸ் காலைத் தாங்கலாக வைத்து, ஃப்ரெட்டின் மேல் ஒரு கெட்டி மரத்துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, பள்ளத்தில் நீர்த்த சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டேன்.

முதல் மூன்று ஃப்ரெட்களில் கம்பி அரித்த குழிகள் இருந்தன. நெக்குக்குள் ஓடுகிற, திருகிச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடால் நெக்கை நேராக்கி, ஃப்ரெட்போர்டை மாஸ்கிங் டேப்பால் மூடி, ஃப்ரெட் தலைகளில் மார்க்கர் பூசி, 320 எண் தாள் ஒட்டிய அலுமினியக் கட்டையை ஓட்டினேன். எல்லாவற்றிலும் மை அழிந்ததும் நிறுத்தினேன். அப்போது ஃப்ரெட் தலை தட்டையாகிவிடும், மறுபடி உருட்டையாக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன முக்கோண அரத்தின் மூன்று மூலைகளையும் கிரைண்டரில் பல் போக மழுக்கி, கண்ணாடியில் மெருகேற்றிக்கொண்டால் போதும். மூலை ஃப்ரெட்போர்டைக் கீறாது, முகம் ஃப்ரெட்டின் தோளை மட்டும் எடுக்கும். கிரைண்டரில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும்; இரும்பு நீலம் பாய்ந்தால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் மெல்லிய மார்க்கர் கோடு மிச்சமிருக்கும்படி அராவினால் சமன் கெடாது.

நட் பள்ளத்துக்கான அரம்தான் வெட்டுகிற கருவிகளில் வீட்டில் ஓரளவு தேறுவது. இந்தச் செட்டின் கம்பிகள் 0.30, 0.41, 0.61, 0.81, 1.07, 1.35 மி.மீ. பள்ளம் கம்பியைவிட ஒரு 0.05 அகலமாக இருந்தால் ட்யூன் செய்யும்போது மாட்டாது. ஃபீலர் கேஜ் தகடுகள் கடினமாக்கிய ஸ்பிரிங் ஸ்டீல், கனமும் சொன்னபடி இருக்கும். தகட்டை இரண்டு கெட்டி மரத்துண்டுகளுக்கு நடுவில் வைஸில் பிடித்து, விளிம்பு அரை மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, முதலில் அதை உருட்டையாக்கி, பிறகு வைர ஊசி அரத்தின் மூலையால் சாய்வான பற்கள் போட வேண்டும். சாதாரண அரம் இதன்மேல் வழுக்கும். இது மெல்லிய நான்கு கம்பிகளுக்கு. தடித்த இரண்டுக்கும் கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்ய வருகிற சொரசொரப்பான கம்பிச் செட்டே கச்சிதம், எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பள்ளத்தை எவ்வளவு ஆழம் கொண்டுபோவது என்பதில்தான் பலருக்கும் கை நடுங்கும். முதல் இரண்டு ஃப்ரெட்களின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து நட் வரை நீட்டி, சட்டத்துக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் நடுவே ஃபீலர் தகடுகளை அடுக்கினால் ஃப்ரெட் உயரம் தெரியும். அதோடு 0.15 மி.மீ. தகட்டையும் சேர்த்து அந்த அடுக்கை நட்டை ஒட்டிப் படுக்க வைத்து அராவ வேண்டும். அரம் இரும்பில் உரசிக் கிறீச்சிட்டால் நிறுத்திவிடலாம், அதற்குக் கீழே போகவே முடியாது. பள்ளம் தலைப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உச்சி ஃப்ரெட்போர்டு பக்கத்து விளிம்பில் இருந்தால்தான் சுருதி நிற்கும். நட் எலும்பாக இருந்தால் தூசு பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் ஒட்டிய பிறகு ஆறாம் கம்பியின் உயரம் 3.5-லிருந்து 3 மி.மீ. ஆகத் தானே இறங்கியிருந்தது. வேண்டியது 2.5. 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே அரை மி.மீ. இறங்க சாடிலில் 1 மி.மீ. எடுக்க வேண்டும். முதல் கம்பிக்கு 2.2-ஐ 1.8 ஆக்க, சாடிலில் 0.8. பென்சிலால் கோடு போட்டு, சாடிலின் முதுகை ஒரு சதுரக் கட்டையில் அழுத்திக்கொண்டு கண்ணாடி மேலுள்ள உப்புத்தாளில் அடியைத் தேய்த்தேன். கட்டை இல்லாமல் கையில் பிடித்துத் தேய்த்தால் அடி படகு மாதிரி உருண்டுவிடும். சாடிலுக்கடியில் பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) இருக்கிற கிட்டாரில் ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைந்து கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்வது இரண்டு. ஒன்று, பிரிட்ஜ் பின் துளையைச் சரிவாகக் குடைகிற ரீமர். உருட்டுக் கட்டையை இழைத்து உப்புத்தாள் சுற்றிச் செய்து பார்க்கலாம்தான், ஆனால் துளையின் வாய் அகன்று பின் ஆட ஆரம்பிக்கும். இன்னொன்று ஃப்ரெட் பிடுங்கும் குறடு. ஆணி பிடுங்கும் குறட்டின் முகத்தைத் தட்டையாகத் தேய்த்துச் செய்கிறார்கள், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். எபனி (கருங்காலி) ஃப்ரெட்போர்டில் மட்டும் அதை எடுக்க மாட்டேன். அதன் வாய் கொஞ்சம் தடிமன், ஃப்ரெட் வரும்போது பள்ளத்தின் ஓரத்தில் சின்னச் சின்னச் சில்லுகளையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறது.